வருங்காலத்துக்குப் படகில்லை

செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மேல்
என் டயர் கடையில் கவிதை வாசிப்பார்கள்.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.
புன்டா அரினாஸில் அந்நேரத்துக்கு
வாடகை கேட்காமல் கணப்பு எரிகிற இடம் இதுதான்.
நாற்காலிக்குப் பதில் லாரி டயர்.
உட்கார்ந்தால் எழ மனம் வராது.

நண்டுத் தொழிற்சாலையிலிருந்து நெல்டா பார்ரியா,
எத்தனை கழுவியும் போகாத கடல் விரல்களோடு.
பல் மருத்துவர் மிமித்சா,
காற்புள்ளியைக்கூட வாய் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர்.
ஒயார்சூன் சகோதரிகள் இருவர்,
ஒருத்தி எழுதுவாள்,
இன்னொருத்தி அதை மறுத்து எழுதுவாள்.

பிறகு குஸ்தோதியோ.
ஜலசந்தியில் படகு ஓட்டுகிறவர்.
மூன்று வருடமாக ஒரே கவிதை,
வாரம் ஒரு வரி சேர்ப்பார், ஒரு வரி எடுப்பார்.
"போன வாரம் நின்ற குதிரை எங்கே?"
"விற்றுவிட்டேன்."
ஒருவரும் சலித்ததில்லை.

விதி ஒன்றுதான்.
நன்று என்று யாரும் சொல்லக்கூடாது.
மனதில் நின்ற வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
எதுவும் நிற்கவில்லையா,
பேசாமல் எழுந்து
வாசித்தவர் கோப்பையில் மாத்தே ஊற்ற வேண்டும்.
முதல் மாதம் நெல்டா குடித்த குடி கொஞ்சமல்ல.
இப்போதெல்லாம் தாகத்தோடு வீடு போகிறாள்.

நான் எழுதுகிறவனில்லை.
எழுதியதெல்லாம் ரசீது:
டயர் இரண்டு, ஒட்டு ஒன்று, பாக்கி இவ்வளவு.
விறகு போடுவேன்.
கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்டோபரில் அந்தக் காற்று வந்தது.
தெருமுனைகளில் நகராட்சி கயிறு கட்டியது.
அதைப் பிடித்துக்கொண்டு
ஜனங்கள் வங்கிக்குப் போனார்கள், பல்லைப் பிடுங்கப் போனார்கள்.
படகு நின்றுவிட்டது.
குஸ்தோதியோ அக்கரையில், போர்வெனிரில்.
எங்கள் பேச்சில் அந்தப் பெயருக்கு
வருங்காலம் என்று பொருள்.
காற்றடித்தால் வருங்காலத்துக்குப் படகில்லை.
அங்கிருந்து யாரும் வரவும் முடியாது.

எட்டேகாலுக்கு
லாரிக்காரர்களுக்காக வைத்திருக்கும் பழைய ரேடியோ
கரகரவென்று இருமியது.
குஸ்தோதியோ!
நங்கூரமிட்ட படகிலிருந்து வாசிக்கிறார்.
காற்று நடுநடுவே புகுந்து
கோழி தானியம் பொறுக்குவதுபோல்
சொல் சொல்லாகக் கொத்திப் போகிறது.

"அவள் போன பிறகு
வீட்டில்
(கரகரப்பு)
மட்டும்
தேயாமல் இருக்கிறது."

அத்தோடு போய்விட்டது.
திருப்பிச் சொல்ல முழு வரி இல்லை.
மாத்தே ஊற்ற ஆளும் இல்லை.
மிமித்சாதான் காகிதம் கொடுத்தார், ஆளுக்கொரு துண்டு.

நிலா என்றாள் மூத்த ஒயார்சூன்.
நிலாவாவது! வாசற்படி என்றாள் இளையவள்.
நெல்டா, நண்டு உடைக்கும் கத்தி என்று எழுதினாள்.
மருத்துவர் எழுதியது பல் தேய்க்கும் பிரஷ்,
வேறென்ன எழுதுவார்.
ஒரு துண்டு மிஞ்சியது.
என்னைப் பார்த்தார்கள்.

வண்டி எதுவானாலும்
நான்கும் ஒருபோலத் தேய்வதில்லை.
மனிதர்களும் அப்படித்தான்,
ஒரு பக்கம் அழுத்தி நடப்பார்கள்.
அது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்.
எழுதினேன்:
இடது செருப்பு.

நெல்டா அதை எடுத்துப் படித்தாள்.
"இடது செருப்பு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து மருத்துவரும்
"இடது செருப்பு" என்றார்.
தகரக் கூரை ஒருமுறை எழும்பி அடங்கியது.

அடுத்த செவ்வாய் குஸ்தோதியோ வந்தார்.
ஐந்து துண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.
"நான் சொன்னது சோப்பு" என்றார்.
"வெறும் சோப்பு."

சிரித்தோம்.
பிறகு, அந்தச் சோப்பைப் பற்றி ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்,
சிரிப்பு தானாக நின்றது.
சோப்பு என்று திருப்பிச் சொன்னோம்,
ஒருவர் பின் ஒருவராக.
அந்த வாரம் அவர் எந்த வரியையும் எடுக்கவில்லை.

கிளம்புமுன் ஒரு துண்டைக் கையிலெடுத்து,
பின்புறமிருந்த ரசீதையும் படித்துவிட்டுக் கேட்டார்:
"யாருடைய செருப்பு?"

யாரும் கோப்பையைத் தொடவில்லை.
தொப்பி மாட்டியவர்கள் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

விறகு போட எழுந்தேன்.
கணப்பில்
விறகு நிறையவே இருந்தது.